இரவு ரயில் படமும் நம்ம படிப்பும்



"டிப்ளமா படிக்கிறவனுக்குக் கலை எதுக்குடா? ஸ்பேனரைப் பிடி, அது போதும்" என்று சொல்லுகிறவர்கள் நம் ஊரில் நிறைய உண்டு. படம் எடுப்பது, பாட்டு எழுதுவது எல்லாம் ஆர்ட்ஸ் காலேஜ்காரர்களுக்கு, இயந்திரம் நமக்கு என்று யாரோ பாகப்பிரிவினை செய்து வைத்துவிட்டார்கள். இந்தப் பாகப்பிரிவினை செல்லாது என்பதே என் கருத்து. அதற்கு நான் கூப்பிடும் சாட்சி, இரவில் ரயிலைப் படம் எடுத்த ஒரு எஞ்சினியர்.

அவர் பெயர் ஓ. வின்ஸ்டன் லிங்க். அமெரிக்காவில், நியூயார்க் நகரத்தின் ப்ரூக்ளின் பகுதியில் 1914-ல் பிறந்தவர். 1937-ல் சிவில் எஞ்சினியரிங் முடித்தார். எங்கே என்று நினைக்கிறீர்கள்? ப்ரூக்ளின் பாலிடெக்னிக் இன்ஸ்டிடியூட்டில்! அது பட்டம் தருகிற கல்லூரி. ஆனாலும் பேரைக் கேட்டதும் 'அட, நம்ம ஆளு' என்று எனக்குத் தோன்றியது. படிப்புக்குப் பிறகு கம்பெனிகளுக்கும் விளம்பரங்களுக்கும் படம் எடுப்பதையே தொழிலாகக் கொண்டார்.

1955-ல் வேலை நிமித்தமாக வெர்ஜீனியா மாநிலத்துக்குப் போனார். அங்கே நார்ஃபோக் அண்ட் வெஸ்டர்ன் என்ற ரயில்வே இருந்தது. அமெரிக்காவின் மற்ற பெரிய ரயில்வேக்கள் எல்லாம் டீசலுக்கு மாறிக்கொண்டிருந்த காலத்தில், அது மட்டும் நீராவி எஞ்சினை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. அதுவும் 1960-ல் முடிந்துபோனது. அந்த ஐந்து ஆண்டுகளில் லிங்க் சொந்தக் காசைச் செலவழித்துத் திரும்பத் திரும்பப் போய், சுமார் 2,400 படங்கள் எடுத்தார். இன்றைக்கு அவர் பேரைச் சொல்லுபவை அவருடைய இரவுப் படங்கள்தான்.

ஏன் இரவு? சூரியன் நாம் சொல்லுகிற இடத்தில் வந்து நிற்காது. தண்டவாளத்தையும் நகர்த்த முடியாது. ராத்திரியில் அந்தத் தொல்லை இல்லை. எது தெரியணும், எது இருட்டில் இருக்கணும் என்று நாமே முடிவு செய்து விளக்கு வைக்கலாம்.

ஆனால் அது லேசான வேலை இல்லை. கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். மணிக்கு 90 கி.மீ. வேகத்தில் வரும் ரயில் ஒரு விநாடியில் 25 மீட்டர் ஓடும். வெளிச்சம் போதாமல் கேமரா அரை விநாடி திறந்திருந்தால், அதற்குள் ரயில் பன்னிரண்டரை மீட்டர் போய்விடும். படத்தில் ரயிலுக்குப் பதில் வெளிச்சக் கோடுதான் விழும். விநாடியில் 200-ல் ஒரு பங்கு நேரம் மட்டும் திறந்தால், ரயில் நகர்வது பன்னிரண்டரை சென்டிமீட்டர்தான். ஆனால் அந்தக் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் மொத்தக் காட்சிக்கும் வேண்டிய வெளிச்சத்தைக் கொட்டியாக வேண்டுமே!

அதற்கு லிங்க் பயன்படுத்தியது பிளாஷ் பல்பு. ஒரு தடவை பளிச்சென்று எரிந்தால் தூக்கிப் போட வேண்டியதுதான். 1956-ல் மேற்கு வெர்ஜீனியாவில், காரில் உட்கார்ந்தபடியே பார்க்கும் திறந்தவெளி சினிமா ஒன்றின் பக்கத்தில் ரயில் பாய்ந்து போவதை எடுத்தார். அந்த ஒரு படத்துக்கு மட்டும் நாற்பதுக்கு மேற்பட்ட பல்புகள்! பல்புகளை அவர் சீரியலில் இணைத்தார். முதல் வருஷ லேபில் நாம் படித்ததுதான். சீரியலில் ஒரு கனெக்‌ஷன் விட்டுப்போனாலும் ஒரு பல்புகூட எரியாது. அதனால் ரயில் வருவதற்கு முன்பே ஒவ்வொரு இணைப்பையும் சரிபார்த்து வைத்திருக்க வேண்டும். போன ரயில் திரும்பி வராது. ரீடேக் கிடையாது.

இப்போது சொல்லுங்கள், இது கலையா, எஞ்சினியரிங்கா? என்னைக் கேட்டால் பிரித்துச் சொல்லவே முடியாது. சர்க்யூட் தெரியாதவர் அந்தப் படத்தை எடுத்திருக்க முடியாது. சர்க்யூட் மட்டுமே தெரிந்தவர் அப்படி ஒரு படத்தை நினைத்திருக்கவே மாட்டார்.

எனக்கு அவரை இன்னும் பிடித்துப்போனதற்குக் காரணம் வேறு. அவர் எஞ்சினை மட்டும் எடுத்துவிட்டுப் போகவில்லை. எஞ்சினுக்கு கிரீஸ் அடிப்பவர், ஷெட்டில் எஞ்சினைக் கழுவுபவர்கள், ஜன்னலுக்கு வெளியே ரயில் போக உள்ளே உட்கார்ந்திருக்கும் குடும்பம் என்று மனிதர்களுக்கும் விளக்கு வைத்தார்.

எங்க வீட்டில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான். அப்பா ஒரு ரயில்வே காண்ட்ராக்டரிடம் ஜல்லி கொட்டும் வேலை செய்கிறார். ரயில் இல்லாத நேரமாகப் பார்த்துச் செய்கிற வேலை என்பதால் பல நாள் ராத்திரியில்தான் கூப்பிடுவார்கள். எங்க வீட்டில் அவருடைய கல்யாணப் போட்டோ இருக்கிறது, ரேஷன் கார்டு போட்டோ இருக்கிறது. வேலை செய்கிற போட்டோ ஒன்றுகூடக் கிடையாது. அவர் கொட்டிய ஜல்லி மேல் ஓடுகிற ரயிலை ஆயிரம் பேர் படம் எடுக்கிறார்கள். இது நியாயமா?

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இன்று எல்லார் கையிலும் செல்போன் இருக்கிறது. ராத்திரியில் தண்டவாளத்துக்குள் இறங்கி ரயிலை எடுக்கிறேன் என்று உயிரை விடுகிறவர்கள் செய்தியை அடிக்கடி படிக்கிறோம். 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 147-ஆம் பிரிவுப்படி, அத்துமீறி ரயில்வே எல்லைக்குள் நுழைந்தால் ஆறு மாதம் வரை சிறை அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இருட்டுக்குப் பழகிய டிரைவர் கண்ணில் பிளாஷ் அடிப்பதும் விளையாட்டு அல்ல. லிங்க் ரயில்வேயின் அனுமதி வாங்கித்தான் படம் எடுத்தார். திருட்டுத்தனமாக ஓடிப்போய் எடுப்பது வீரமும் இல்லை, கலையும் இல்லை.

லிங்க் 2001-ல் காலமானார். 2004-ல் ரோனோக் நகரில், அதே ரயில்வேயின் பழைய ஸ்டேஷன் கட்டடத்திலேயே அவர் படங்களுக்கு மியூசியம் திறந்தார்கள். அந்த எஞ்சின்கள் போய்விட்டன, ஆனால் ஓட்டியவர்கள், துடைத்தவர்கள் முகம் மிஞ்சியிருக்கிறது.

எனவே மாணவர் பேரவைக்கு என் தாழ்மையான வேண்டுகோள் ஒன்று. அடுத்த ஆண்டு மலரில் இரண்டு பக்கம் ஒதுக்குங்கள். ஸ்டேஷன், மில், பஸ் டிப்போ என்று ராத்திரியில் வேலை செய்கிறவர்களை, அந்தந்த இடத்தில் முறையாக அனுமதி கேட்டு, நாமே படம் எடுத்துப் போடுவோம். கீழே அவர்கள் பேரையும், செய்கிற வேலையையும் அச்சடிப்போம். சிவில் பிரிவு இடம் அளக்கட்டும், மெக்கானிக்கல் ஸ்டாண்டு செய்யட்டும்.

லைட் போட எங்க இ.இ.இ. பிரிவு ரெடி!

- இரண்டாம் ஆண்டு மாணவன், இ.இ.இ. பிரிவு