முற்றத்துக் காசும் முற்றத்து உரிமையும்

மன்னார்க் கரையோர மக்கள் உலோகங் காட்டும் கருவியைக் கண்ணிவெடி அகற்றுவோர் கையிலே கண்டு பழகியவர்கள். அத்தகைய கருவி இன்று புதையல் தேடுவோர் கையிலும் இருக்கிறது. வீட்டு முற்றத்தில் பழங்காசு தேடுவது தீங்கற்ற செயலென எண்ணுவோர் நம்மவரிடையேயும் உளர். போர் நடந்த மண்ணிலே கருவி ஒலித்த இடத்தில் காசுதான் கிடக்குமென்பது என்ன நிச்சயம்?

வடக்கே மாதோட்டத் துறைமுகமும் அரிப்பு முத்துக்குளிப்புக் கரையும், தெற்கே குதிரைமலையும் அமைந்த முள்ளிக்குளம் போன்ற ஊர்களின் மண்ணிலே பழங்காசு கிடைப்பின் வியப்பில்லை. "சேது" என்று தமிழிற் பொறித்த யாழ்ப்பாண மன்னர் காசொன்று எந்த மண்ணடுக்கில், எவற்றோடு கிடந்தது என்பதே அதன் சாட்சியம். இரவிலே தோண்டி வியாபாரியிடம் விற்ற காசு ஊமைச் சாட்சி. நமது வரலாற்றின் வாயை நாமே அடைக்கலாமா?

சட்டமும் தெளிவானது. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச் சட்டத்தின்படி, மண்ணில் மறைந்துள்ள தொல்பொருள் அரசின் உடைமை. சொந்தக் காணியிலாயினும் அனுமதிப் பத்திரமின்றி அதனைத் தேடி அகழ்தல் குற்றம். "என் வளவு, என் மண்வெட்டி" என்னும் வாதம் நீதிமன்றில் நில்லாது.

ஆயின், தோட்டங் கொத்துகையில் தற்செயலாகக் காசொன்றைக் காணும் கமக்காரன் ஏன் வாய் திறக்க அஞ்சுகிறான்? காசைக் காட்டினால் காணி போய்விடும் என்பதாலன்றோ! அவ்வச்சம் வெறுங் கற்பனையென்று யார் சொல்வார்? 2007 செப்டெம்பரில் வெளியேற்றப்பட்ட முள்ளிக்குளம் மக்கள், 2017இல் தொடர்ந்து போராடிய பின்னரே 100 ஏக்கர் விடுவிக்கப்படும் என்ற அறிவித்தலைக் கேட்டனர். 2020 யூனில், கிழக்கு மாகாணத் தொல்பொருள் மரபுரிமைக்கென அமைக்கப்பட்ட ஜனாதிபதி செயலணியில் தொடக்கத்திலே ஒரு தமிழரோ முஸ்லிமோ இடம்பெறவில்லை.

இங்கிலாந்திலே 1996ஆம் ஆண்டின் புதையற் சட்டத்தின் கீழ், நூதனசாலை பெற்றுக்கொள்ளும் புதையலுக்கான வெகுமதி கண்டெடுத்தவருக்கும் காணிக்காரருக்கும் பகிரப்படுகிறது. அங்கே காசைக் காட்டியவன் காணியை இழப்பதில்லை, ஆகவே காட்டுகிறான்.

எனவே நாம் கேட்பது இதுவே: காசு அரசினதாகுக, முற்றம் உடையவனதே என்பதை அரசு எழுத்திலே உறுதி செய்க. ஒப்படைப்பவனுக்குத் தமிழிலே பற்றுச்சீட்டும் தகுந்த வெகுமதியும் வழங்குக. மன்னார் மண்ணின் காசு மன்னாரிலேயே காட்சிக்கு வைக்கப்படுக.

நம்மவர்க்கும் ஒரு சொல். மண்வெட்டியைப் பயிருக்கு எடுப்போம். புதையலுக்கு எடுக்க வேண்டாம். தற்செயலாகக் காசு வெளிப்பட்டால் கழுவாமல், நகர்த்தாமல், படம் எடுத்து, சாட்சிகள் முன்னிலையில் எழுத்துமூலம் அறிவிப்போம். சட்டத்தைக் காத்து நிற்பவனே சட்டத்தின் பெயரால் உரிமை கேட்க முடியும்.