பவர் மீட்டர் கட்டாயமா? செயற்குழுவின் நிலைப்பாடு

நம் கிளப்பின் நெடுந்தூர டிரையத்லான் பயிற்சி அணியில் சேர, மிதிக்கும் திறனை வாட் கணக்கில் அளக்கும் பவர் மீட்டர் கட்டாயம் என்று பயிற்சிக் குழு அனுப்பிய சுற்றறிக்கையும் அதன் பிறகு நடந்தவையும் உறுப்பினர்கள் அறிந்ததே. அவற்றை விரிவாகக் கிளறாமல், செயற்குழு பேசி எட்டிய முடிவையும் அதற்கான காரணங்களையும் இங்கே சொல்கிறோம்.

பவர் மீட்டர் பயனுள்ள கருவிதான். இதில் குழுவுக்குள் வேறுபாடு இல்லை. 90 கிலோமீட்டரோ 180 கிலோமீட்டரோ சைக்கிள் ஓட்டி இறங்கிய பிறகும் ஓடுவதற்குக் காலில் தெம்பு மிஞ்ச வேண்டும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் (ஈ.சி.ஆர்.) எதிர்க்காற்று அடிக்கும்போது வேகத்தை மட்டும் பார்த்து மிதிப்பவர், தம்மை அறியாமலே அளவுக்கு மீறி மிதித்துவிடுவார். இதயத் துடிப்பு அதைத் தாமதமாகத்தான் காட்டும். வாட் உடனே காட்டிவிடும். ஆகவே வசதியுள்ளவர்கள் வாங்கிப் பயன்படுத்துவதைப் பொதுவாக வரவேற்கிறோம். 

ஆனால் அது காட்டும் வாட் எண்ணை வைத்து ஆளைக் கழிப்பது வேறு. அணித் தேர்வுக்கு வைத்த ‘உடல் எடையில் கிலோவுக்கு இத்தனை வாட்’ என்ற வரம்பை நாங்கள் ஏற்கவில்லை. நம்மில் பலரிடம் இருப்பது இடது கிராங்கில் பொருத்தும் வகை. அது இடது காலின் உழைப்பை மட்டும் அளந்து இரண்டால் பெருக்கிக் காட்டும். இருவர் சரியாக 200 வாட் மிதிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இடது காலில் 52 சதவீதம் மிதிப்பவருக்குத் திரையில் 208 வரும். 48 சதவீதம் மிதிப்பவருக்கு 192தான் வரும். உழைப்பு ஒன்றே, வித்தியாசம் 16 வாட்! ஏ.சி. அறையிலிருந்து வெயிலுக்கு வந்த சைக்கிளின் மீட்டரை ஜீரோ செய்யாமல் (மிதிக்காதபோது பூஜ்ஜியம் காட்டும்படி சரிசெய்யாமல்) ஓட்டினால் எண் இன்னும் நகரும். தேர்வு நாளில் யாருடைய கருவியையாவது ஜீரோ செய்யச் சொன்னார்களா? இல்லை. இப்படி எடுத்த எண்ணைக் காட்டி, முழு அயர்ன்மேன் முடித்த உறுப்பினரையே ‘டேட்டா போதாது’ என்று திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். சுற்றறிக்கையின் நோக்கத்தை நாங்கள் சந்தேகிக்கவில்லை. ஆனால் இந்தச் செயல் அநியாயம். அதை அப்படியே பதிவு செய்கிறோம்.

விலையும் ஒரு தடை: ஒருபக்கக் கருவிக்கே ஒரு சாதாரண ரோடு பைக்கின் விலை ஆகிவிடுகிறது. வெயிலும் ஒரு காரணம்: மாமல்லபுரம் போய்த் திரும்புகையில், போகும்போது மிதித்த அதே 180 வாட்டுக்கு இதயம் கூடுதலாக அடிக்கும். உடல் தளர்ந்த பிறகும் ‘எண்ணைப் பிடி’ என்று கத்துவது ஆபத்து.

எனவே கட்டாய விதி உடனே நீக்கப்படுகிறது. தேர்வுக்கு ஒரே சாலையில், ஒரே காலையில் எல்லோரையும் ஓட்டவிட்டு நேரம் பார்க்கலாம். வாட் கணக்கு தேவைப்பட்டால், அனைவரையும் ஒரே இன்டோர் டிரெயினரில், அதை ஜீரோ செய்த பிறகு சோதிக்கட்டும். நீக்கிய விதியை அடுத்த பருவத்தில் மறுபரிசீலனை செய்யுமாறு சில உறுப்பினர்கள் கேட்டதால் அதுவும் குறிக்கப்படுகிறது.

திருப்பி அனுப்பப்பட்ட அனைவரும் வரும் ஞாயிறு முதல் பயிற்சிக்கு வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். ஹெல்மெட், பின்விளக்கு தவிர வேறு எந்தக் கருவியையும் அவர்களிடம் யாரும் கேட்கக் கூடாது.