பஸ்தாபூர்ப் பெண்களின் களஞ்சியம்



கிராமப் பெண்கள் கூடி உணவுத் தொழில் தொடங்கினர் என்றால், ஊறுகாய்ப் புட்டியும் அப்பளக் கட்டும் விற்கும் கடையே நம் கண்முன் வரும். கடையில் அன்றி, தரிசு நிலத்தில் தொடங்கிய ஒரு முயற்சியைப் பற்றி இம்மாதம் எழுதுகிறேன்.

தெலங்கானாவில், முன்பு மேதக் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த ஜஹீராபாத் நகருக்கு அருகே பஸ்தாபூர் என்னும் சிற்றூர் உள்ளது. மழையை நம்பிச் சோளமும் தினையும் சாமையும் துவரையும் கலந்து விதைத்து வாழ்ந்த வட்டாரம் அது. தலித் குடும்பங்கள் பலவற்றுக்கு அரசு வழங்கிய நிலம் இருந்தது. ஆயினும் அது சரளை மண். உழ மாடும் இல்லை, முதலும் இல்லை. 1983இல் அன்றைய ஆந்திர அரசு கிலோ இரண்டு ரூபாய்க்கு அரிசி வழங்கியது. பசித்த வயிற்றுக்கு அது பேருதவியே. அதை நான் குறைத்துக் கூறமாட்டேன். ஆனால் மலிவான அரிசி வந்தபின் சோளம் விதைப்போர் குறைந்தனர். சோளத்தோடு மாட்டுக்குத் தட்டையும் போயிற்று. களையெடுப்பிலும் அறுவடையிலும் பெண்களுக்குக் கிடைத்த கூலியும் போயிற்று.

அதே ஆண்டில், பி. வி. சதீஷ் முதலியோர் அங்கே தக்காண வளர்ச்சிச் சங்கத்தை நிறுவினர். ஊர்தோறும் ஏழைப் பெண்களின் குழுக்கள் அமைந்தன. 1990களின் நடுவில் அப்பெண்கள் முப்பதுக்கும் மேற்பட்ட ஊர்களில் தானிய நிதி ஒன்றைத் தொடங்கினர். தரிசை உழவும் எருவிடவும் விதைக்கவும் நில உடைமையாளருக்கு முன்பணம் தரப்படும். அதை அவர் பணமாக அன்றி, சில ஆண்டுகளில் சோளமாகவே திருப்பித் தரவேண்டும். அச்சோளம் ஊரிலேயே சேமிக்கப்படும்.

சேர்ந்த தானியம் யாருக்கு? இதை முடிவு செய்த முறையே என் மனத்தைக் கவர்ந்தது. ஊரார் கூடித் தரையில் வண்ணப் பொடிகளால் ஊரின் படத்தை வரைந்து, எந்த வீடு ஏழை, எந்த வீடு மிக ஏழை என்று எல்லார் முன்னிலையிலும் குறித்தனர். எவர் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பது அண்டை வீட்டுப் பெண்ணுக்குத் தெரியாததா? மிக வறிய குடும்பங்களுக்கு அட்டை வழங்கி, சந்தை விலைக்கும் குறைவாகச் சோளம் அளந்தனர். விற்ற பணம் மேலும் தரிசைத் திருத்தும் நிதியாயிற்று.

விதையும் அவர்கள் கையிலேயே இருந்தது. சாம்பலும் வேப்பிலையும் இட்டுக் கூடைகளில் காத்தனர்; கடன் வாங்கியவர் அடுத்த விளைச்சலில் கூடுதலாகத் திருப்பி அளப்பார். கடை பின்னரே வந்தது. இரசாயனமின்றி விளைந்ததா என்பதை உறுதி செய்பவரும் வெளியூர் அதிகாரியல்லர்; ஒருவர் வயலை மற்றவர் சென்று பார்க்கின்றனர். இக்குழுக்களுக்கு 2019இல் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் ஈக்வேட்டர் பரிசு கிடைத்தது. சதீஷ் 2023இல் காலமானார்.

சிரமம் இல்லாமல் இல்லை. சாமையையும் தினையையும் உமி நீக்குவது எளிதன்று. உலக்கை பிடித்த தோள்களுக்கே அது தெரியும். 2023ஐ உலகச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியபின் நகரத்தாருக்கு இவற்றின்மீது ஆசை பிறந்துள்ளது. நல்ல விலை கண்டால் வீட்டுக் குதிரைக் காலி செய்து விற்றுவிடத் தோன்றாதா? எனக்கு இருக்கும் அச்சம் இதுவே. அங்கோ, குடும்பத்துக்கு ஓராண்டு உணவும் அடுத்த பருவத்துக்கு விதையும் ஒதுக்கியபின் மிஞ்சுவதையே பெண்கள் சங்கக் கடைக்கு அளக்கின்றனர்.