பெடலை மிதித்தால் பாவமா?

அக்குஸ்டிக் கிட்டாரோடு, காலால் மிதிக்கும் எஃபெக்ட் பெட்டியான ப்ராசஸரும் வைத்துக்கொண்டு மேடையேறுகிறவர்கள் ரசிகனை ஏமாற்றுகிறார்கள் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். சென்னிமலைப் பக்கம் ஒரு திருவிழா மேடையில் கேட்ட இன்னிசைக் கச்சேரிதான் அவருக்கு ஆதாரம். மரத்துக்கென்று ஒரு குரல் உண்டாம். அதைப் பெட்டிக்குள் விட்டு எடுத்தால் செத்துவிடுமாம். விரலில் சரக்கு இல்லாதவர்கள்தான் காலால் வாசிப்பார்களாம். போதாததற்கு, கைத்தறிக்குப் பேர்போன ஊரில் விசைத்தறி வேலை எதற்கு என்று கடைசியில் ஒரு குத்து. படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஒரே ஒரு முறை கிட்டாரின் ஒயரை நேராக மிக்ஸரில் சொருகிக் கேட்டிருந்தால் இதில் பாதியை அவரே அடித்திருப்பார்.

மரத்தின் குரலிலிருந்தே தொடங்குவோம். வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து வாசிக்கும்போது கம்பியின் அதிர்வு பிரிட்ஜ் வழியாக மேல்பலகைக்குப் போகிறது. பலகையும் உள்ளே அடைபட்ட காற்றும் சேர்ந்து அதிர்வதைத்தான் நாம் கேட்கிறோம். அழகான ஒலி, யார் மறுத்தார்கள்? அதே கிட்டாரை ட்ரம்ஸ், தபேலா, கீபோர்டு, இரண்டு பாடகர்களுக்கு நடுவே, திறந்தவெளியில், பக்கத்தில் ஜெனரேட்டர் உறும வாசித்தால் முதல் வரிசைக்கே எட்டாது. ஆகவே கிட்டாருக்குள் பிக்கப் வேண்டும். நம் பக்கத்து மேடைகளில் பெரும்பாலும் இருப்பது பீசோ பிக்கப், அதாவது சாடிலுக்கு அடியில் வைத்த ஒரு மெல்லிய பட்டை. சில படிகங்களை அழுத்தினால் மின்சாரம் பிறக்கும் என்று க்யூரி சகோதரர்கள் 1880இல் கண்டதுதான் இதற்கு அடிப்படை. அந்தப் பட்டைக்குக் கம்பி கொடுக்கும் அழுத்தம் தெரியும். பலகை அதற்கு அரைகுறையாகத்தான் தெரியும், காற்று சுத்தமாகத் தெரியாது. நேராக மிக்ஸருக்குக் கொடுத்தால் பாக்ஸில் வருவது தகர டப்பாவில் ரப்பர் பேண்டை இழுத்துக் கட்டி மீட்டின சத்தம். கட்டுரையாளர் மரத்தின் குரல் என்பது இதைத்தானா? பெடல் வருவதற்கு முன்பே, பிக்கப்பிலேயே மரம் பாதி வெளியேறிவிட்டது. போனதை முடிந்தமட்டும் திருப்பிக் கொண்டுவரத்தான் அந்தப் பெட்டி.

ப்ரீஆம்ப் இல்லாத பீசோவுக்குக் குறைந்தது ஒரு மெகா ஓம் இன்புட் வேண்டும். மிக்ஸரின் லைன் இன்புட் சில பத்தாயிரம் ஓம்தான் இருக்கும். அதில் சொருகினால் அடித்தொனி வடிந்துபோய் மேல்சத்தம் மட்டும் கீச்சிடும். ப்ராசஸரின் இன்புட் கிட்டாருக்கென்றே செய்தது. எஃபெக்ட் ஒன்றையும் ஆன் செய்யாமலே பாதி நோய் தீர்ந்துவிடுகிறது. அதற்கு மேல், நல்ல கிட்டாரொன்றை நல்ல மைக் வைத்துப் பதிந்து, அதன் உடல் ஒலிக்கும் விதத்தைக் கணக்காக எடுத்து, பீசோவின் வறட்டு ஒலிமேல் ஏற்றுகிற வித்தையும் இருக்கிறது. ஃபிஷ்மேனின் ஆரா இதற்காகவே வந்தது. பாஸ் கம்பெனியின் ஏடி வரிசைப் பெட்டிகளும் உடலின் அதிர்வைத் திரும்பக் கொடுக்கத்தான் பாடுபடுகின்றன. மரத்தைக் கொல்ல இத்தனை மெனக்கெடல் யாருக்கும் தேவையில்லை.

அவர் தொடாத இன்னொரு சங்கதியும் உண்டு. ட்ரெட்நாட் என்கிற பெரிய உடல் கிட்டாரின் வயிற்றுக்குள் இருக்கும் காற்று ஏறக்குறைய 100 ஹெர்ட்ஸில் தானாகவே அதிரும். ஜி கார்டு பிடித்தால் ஆறாவது கம்பியின் மூன்றாவது ஃப்ரெட்டில் பிறப்பது 98 ஹெர்ட்ஸ். காலடியில் மானிட்டர். மானிட்டர் வயிற்றை ஆட்ட, வயிறு பிக்கப்பை ஆட்ட, பிக்கப் அதையே மறுபடி மானிட்டருக்கு அனுப்ப, இரண்டு வினாடியில் மேடையே உறுமத் தொடங்கும். பாடுகிறவர் திரும்பி முறைப்பார். மைக் செட்காரர் ஓரத்திலிருந்து, "ஹம்மிங் அடிக்குதுங்க தம்பி, கொஞ்சம் கொறைச்சுக்கங்க" என்பார். குறைத்தால் கிட்டார் போச்சு, குறைக்காவிட்டால் கச்சேரி போச்சு. பெடலில் இருக்கும் நாட்ச் ஃபில்ட்டர் அந்த 100 ஹெர்ட்ஸ் பக்கத்தை மட்டும் ஊசி நுழைகிற அகலத்துக்கு வெட்டி எடுக்கும். மற்றதெல்லாம் அப்படியே இருக்கும். ஏனுங்க, இதில் ஏமாற்று எங்கே இருக்கிறது?

சவுண்ட் செக்கில் சரிசெய்துகொள்ளலாமே என்கிறார் கட்டுரையாளர். எந்த ஊர் சவுண்ட் செக்? 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது. திருவிழாக்களுக்காக ஆண்டில் 15 நாளுக்கு மிகாமல் நள்ளிரவு 12 வரை மாநில அரசு தளர்த்தலாம், அவ்வளவுதான். சிறப்பு அழைப்பாளர்கள் பேசி, பொன்னாடைகள் போர்த்தி முடித்து மேடை குழுவின் கைக்கு வரும்போது எட்டரை தாண்டியிருக்கும். "ஹலோ, செக், ஒன் டூ" என்று ஒருவர் சொல்வதோடு சோதனை முடிந்தது. அந்த நேரத்தில் கிட்டார்காரனுக்குக் கைகொடுப்பது வீட்டிலேயே உட்கார்ந்து செட் செய்து வைத்த பேட்ச் ஒன்றுதான்.

சரி, அப்படியானால் அவர் காதைக் குத்தியது என்ன? எனக்குத் தெரிந்தவரை அது பெரும்பாலும் ஆம்ப் சிமுலேஷன். கடையில் வாங்கும் மலிவான ப்ராசஸர்கள் எலெக்ட்ரிக் கிட்டாருக்காகச் செய்தவை. ஆம்ப்பும் கேபினெட்டும் போலியாக ஆன் ஆகியே வரும். எலெக்ட்ரிக் கேபினெட்டின் ஸ்பீக்கர் ஏறக்குறைய 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் படுத்துவிடும். அக்குஸ்டிக் கிட்டாரின் பளபளப்பு இருப்பதே அதற்கு மேலேதான். அதை அணைக்காமல் வாசித்தால் கம்பளியைப் போர்த்தியதுபோல் மூடிக்கொள்ளும். அது அணைக்க மறந்தவரின் குற்றம். சமையலில் உப்பு கூடிப்போனதற்கு உப்பளத்தைக் கண்டித்து யாரும் கட்டுரை எழுதுவதில்லை.

"விரலில் சரக்கு" வாதத்துக்கு வருவோம். பெடல் குறையை மறைக்கும் என்று நம்புகிறவர் பெடலை மிதித்ததே இல்லை. தப்பாக ஒரு சுரம் விழுந்தால் டிலே அதை இன்னும் மூன்று முறை ஊருக்குச் சொல்லும். கம்ப்ரஸர், விரல் கம்பியில் உரசும் சத்தத்தைக்கூடத் தூக்கிக் காட்டும். லூப்பரில் தாளம் பிசகிப் பதிந்துவிட்டால் பாட்டு முடியும்வரை அந்தப் பிசகு சுற்றிச் சுற்றி வந்து மானத்தை வாங்கும். ரிவெர்ப் போட்டால் கார்டு மாற்றத் தெரியாதவனுக்குக் கார்டு மாற்ற வந்துவிடுமா என்ன?

மைக் இல்லாமலே கூட்டத்தைக் கட்டிப்போட்ட கொடுமுடி கே. பி. சுந்தராம்பாளை அவர் சாட்சிக்கு அழைத்திருப்பதுதான் எனக்கு வேடிக்கை. 1908இல் கொடுமுடியில் பிறந்த அந்த அம்மாவின் பெயரைச் சொன்னால் நம் பக்கத்தில் எவரும் வாயை மூடிக்கொள்வார்கள் என்ற கணக்கு. நாடக மேடையில் அவர் தொண்டையை மட்டும் நம்பிப் பாடியது உண்மை. 1935இல் 'நந்தனார்' படத்துக்கு அன்றைய பேரதிசயமாக ஒரு லட்ச ரூபாய் வாங்கிக்கொண்டு மைக் முன்னால் பாடியதும் உண்மைதானே. 1953இல் 'ஔவையார்' பார்த்து உருகியவர்கள் கேட்டது மைக், ஒலிப்பதிவுக் கருவி, தியேட்டர் ஸ்பீக்கர் எல்லாவற்றையும் கடந்து வந்த குரலைத்தான். அதனால் அவர் குரலில் என்ன குறைந்துபோயிற்று?

தவிர, கிட்டார் ஒன்றும் நாதஸ்வரம் இல்லை. பிறவியிலேயே சன்னமான வாத்தியம். அதன் வரலாறு முழுக்கக் 'கேட்கவில்லை' என்ற புகாருக்குச் சொன்ன பதில்கள்தான். உடலைப் பெரிதாக்கினார்கள், ஸ்டீல் கம்பி மாட்டினார்கள். 1916இல் மார்ட்டின் பட்டறையில் ட்ரெட்நாட் பிறந்தது. 1920களின் கடைசியில் வயிற்றுக்குள் அலுமினியக் கூம்பு வைத்து ரெசனேட்டர் கிட்டாரே செய்தார்கள். 1960களில் ஓவேஷன்காரர்கள் சாடிலுக்கு அடியில் பீசோவைப் பொருத்திப் பிரபலமாக்கினார்கள். இந்த வரிசையில் கடைசியாக வந்தது காலடிப் பெட்டி. முந்தியதையெல்லாம் 'இயற்கை' என்று ஏற்றுக்கொண்டு, இதை மட்டும் வாசலில் நிறுத்துவது எந்த நியாயம்? மாண்டலின் ஸ்ரீநிவாஸ் கையில் இருந்ததும் எலெக்ட்ரிக் மாண்டலின்தான். சாதாரண மாண்டலினில் ஒலி சீக்கிரம் அடங்கிவிடும், கமகத்துக்கு நிற்காது. சபாக்காரர்களே அதை ஒத்துக்கொண்டு தலையாட்டிவிட்டார்கள். நம்மவர் இன்னும் வாசலில் நிற்கிறார்.

அவர் ஆசைப்படும் அந்தத் 'தூய' கிட்டார் ஒலி எங்கிருந்து அவர் காதில் ஏறியது என்றும் கேட்கவேண்டும். 1982இல் 'பயணங்கள் முடிவதில்லை' வந்ததிலிருந்து 'இளைய நிலா'வின் தொடக்கத்தை வாசிக்கச் சொல்லாத ரசிகர் எந்த மேடைக்கு முன்னும் இல்லை. அந்த ஒலி நமக்குக் கிடைத்தது ஒலிப்பதிவுக் கூடத்திலிருந்து. எந்தக் கூடத்திலும் மைக், ஈக்யூ, எக்கோ இல்லாமல் பாட்டு வெளியே வருவதில்லை. அங்கே இன்ஜினியர் செய்ததை இங்கே கிட்டார்காரன் தன் காலால் செய்கிறான். கந்த சஷ்டி கவசம் அரங்கேறிய மலை என்று நாம் பெருமைப்படும் சென்னிமலையில்கூட, கவசம் என்றதும் காதில் ஒலிப்பது ஒலிபெருக்கி வழியே வந்த சூலமங்கலம் சகோதரிகளின் இசைத்தட்டுக் குரல்தான். முருகன் கோபித்துக்கொண்டதாகத் தகவல் இல்லை.

கடைசியாக அந்தத் தறி. உவமையை எடுத்தவர் தறிக்குழிப் பக்கம் போய்ப் பார்த்துவிட்டு எடுத்திருக்கலாம். கயிற்றை இழுத்தால் ஓடுகிற நாடா 1733இல் இங்கிலாந்தில் ஜான் கே கண்டது. போர்வையில் பூ விழ வைக்கும் ஜக்கார்டு பெட்டி 1804இல் பிரான்சில் பிறந்தது. தறிக்கு மேலே துளையிட்ட அட்டைகள் சுற்ற, கீழே நெசவாளி காலால் மிதிக்கிறார். காலால் மிதிக்கிறாரே, அதனால் அது கைத்தறி இல்லை என்று இவர் சொல்வாரா? இழையின் இறுக்கத்தையும் அடியின் கனத்தையும் கைதானே முடிவுசெய்கிறது. 1985ஆம் ஆண்டு கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டத்தின்கீழ் வரும் பட்டியலில் படுக்கை விரிப்பும் இருக்கிறது. அந்தச் சட்டம் விசைத்தறியில் நெய்யக்கூடாத ரகங்களைப் பட்டியலிடுகிறது, ஜக்கார்டைத் தடுக்கவில்லை. மேடையில் விசைத்தறியைத் தேடுகிறவர் கீபோர்டு பக்கம் திரும்பட்டும். லேப்டாப்பில் மைனஸ் ஒன் ட்ராக் ஓடும், அதற்கு மேல் நான்கு பேர் வாத்தியத்தைப் பிடித்துக்கொண்டு வாசிப்பதுபோல் தலையாட்டுவார்கள். ரிசப்ஷன் மேடைகளில் இது இன்று சர்வசாதாரணம். கையால் நெய்யாததைக் கைத்தறி முத்திரை போட்டு விற்பது அதுதான். அதைப் பற்றி அவர் கட்டுரையில் ஒரு வார்த்தை இல்லை. உண்மையாகவே கம்பியை மீட்டுகிறவன்மேல்தான் பாய்ச்சல்.

கோரஸ் எஃபெக்டைக் கரண்டி கரண்டியாக ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். கோயில் மேடையில் அக்குஸ்டிக்குக்கு டிஸ்டார்ஷன் போட்டு அலற விடுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களைத் திட்டுங்கள், நானும் சேர்ந்து திட்டுகிறேன்.

அடுத்த தைப்பூசத்துக்கோ பங்குனி உத்திரத்துக்கோ சென்னிமலையில் மேடை போடுகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். கிட்டாரின் சிக்னலை மிக்ஸருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் ஒரு டிஐ பாக்ஸ், ஒழுங்கான எர்த் உள்ள ஒரு ப்ளக் பாயின்ட், பேச்சாளர்களிடமிருந்து பிடுங்கிய பதினைந்து நிமிட சவுண்ட் செக், இந்த மூன்றும் கொடுங்கள். பெடலை அவரே கொண்டுவருவார். கட்டுரையாளருக்கு மிக்ஸர் பக்கத்திலேயே ஒரு நாற்காலி போட்டுவிடுங்கள்.