எல்லா இடத்திலும் மரம் நடலாமா?



'மரம் நடுவோம், மழை பெறுவோம்' என்று நம் சுவரேட்டில் பல தடவை படித்திருப்பீர்கள். நல்ல விஷயம்தான். ஆனால் மரம் நடக் கூடாத இடமும் இருக்கு என்பது என் கருத்து. அது நீலகிரி, ஆனைமலை உச்சிகளில் இருக்கிற புல்வெளி.

ஊட்டிக்கு டூர் போறவங்க அதைப் பார்த்து, "காட்டை வெட்டிட்டாங்க போல, அதான் மொட்டையா இருக்கு"ன்னு நினைப்பாங்க. அது தப்பு. அந்தப் புல்வெளி பனியுகக் காலத்துச் சொத்து.

சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் பூமி மிகவும் குளிர்ந்திருந்தது. வடக்கே பல நாடுகளைப் பனிக்கட்டி மூடியது. நீலகிரியில் அப்படி மூடவில்லை. ஆனால் பருவமழை குறைந்தது. அதனால் மரம் குறைந்து புல் பரவியது. பிறகு பூமி சூடாகி, சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன் மழை கூடியது. சோலைக்காடு பெருகியது. குளிர் மேடுகளில் புல் நிலைத்து நின்றது.

இதெல்லாம் எப்படித் தெரியும்? நீலகிரிச் சதுப்பில் செடிகள் மக்கி, அடுக்கடுக்காக மண்ணாகிக் கிடக்கு. புல்லும் மரமும் விட்டுப்போகும் கார்பன் வேறு வேறு மாதிரி. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த இராமன் சுகுமாரும் மற்ற விஞ்ஞானிகளும் அதை அளந்து 1993-இல் வெளியிட்டார்கள்.

நம் மாநில விலங்கான வரையாடு இந்தப் புல்லை நம்பித்தான் வாழுது. உலகத்திலேயே தமிழ்நாட்டிலும் கேரளாவிலும் மட்டும்தான் இருக்கு. 2024 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 1,031 வரையாடுகள்.

வெள்ளைக்காரர்கள் இந்தப் புல்வெளியை வீண் நிலம் என்று நினைத்து, ஆஸ்திரேலியாவிலிருந்து தைல மரமும் சீகை மரமும் கொண்டு வந்து நட்டார்கள். சுதந்திரத்துக்கு அப்புறமும் தோல் பதனிடவும் ரேயான் நூலுக்கும் நட்டார்கள். சீகை தானாகவே பரவி புல்லை மூடிடுச்சு. மழைநீரை வாங்கி வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஓடையில் விடுவது அந்தப் புல்வெளிதான். பவானி ஆறு அங்கேதான் பிறக்குது.

"மாறுவது இயற்கைதானே?" என்று சிலர் கேட்கலாம். அப்போது மாற்றம் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் எடுத்தது. இப்போது நூறு, இருநூறு வருஷத்திலேயே நடக்குது. பூமி இன்னும் சூடானால் குளிரைத் தேடி மேலே போக வேண்டும். வரையாடு ஏற்கெனவே உச்சியில் இருக்கு. அதுக்கு மேல எங்கே போகும்?

நம் ஊர்ப் பட்டுச்சேலையில் உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். இரண்டையும் கோர்த்து நெய்தால்தான் அது காஞ்சிப் பட்டு. சோலையும் புல்வெளியும் அப்படித்தான்.

நம் தெருவிலும் ஏரிக்கரையிலும் வேம்பும் புங்கனும் நடுவோம். மலை உச்சியில் புல்லைப் புல்லாகவே விடுவோம். சிந்திப்பீர் நண்பர்களே!

- 9-ஆம் வகுப்பு மாணவி