எண்ணெய்க் குப்பியும் ஏழையின் நம்பிக்கையும்

வெண்ணந்தூரில் என் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி வசிக்கும் விசைத்தறித் தொழிலாளி ஒருவர் அண்மையில் கைப்பேசியுடன் வந்தார். அவருடைய ஏழு வயது மகளுக்கு நெடுநாளாக வலிப்பு நோய். திரையில், கஞ்சா இலைச் சாற்றில் தயாரித்ததாகக் கூறும் எண்ணெய் ஒன்றின் விளம்பரம். மூளை நோய் அனைத்துக்கும் தீர்வு என்றது அது. "இதை வாங்கிக் கொடுத்துட்டு மாத்திரைய நிறுத்திரலாங்களா, சார்?" என்று கேட்டார். குப்பியின் விலை அவருடைய ஒரு வாரக் கூலி.

நான் மருத்துவன் அல்லன், பொருளாதாரம் கற்பித்தவன். ஆனால், அவர் கேள்வியில் பாதி மருத்துவம் என்றால், மறுபாதி சந்தை.

கஞ்சாச் செடியிலுள்ள வேதிப்பொருள்களுள் போதை தருவது டிஎச்சி. கன்னாபிடையால் போதை தருவதில்லை. 1839-இல் கல்கத்தா மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் ஓ'ஷானசி, வலிப்பு கண்ட பச்சிளங்குழந்தைக்குக் கஞ்சாச் சாற்றைக் கொடுத்துப் பலன் கண்டதைப் பதிவு செய்தார். 2017-இல் 'டிராவெட்' எனும் கடும் வலிப்பு நோயுள்ள 120 பேரிடம் நடந்த ஆய்வில், கன்னாபிடையால் பெற்றவர்களின் மாதாந்திர வலிப்பு 12.4-இலிருந்து 5.9 ஆகக் குறைந்தது. மருந்தில்லாத திரவம் பெற்றவர்களுக்கு 14.9 என்பது 14.1 ஆனது. மறு ஆண்டே அமெரிக்கா இம்மருந்தை அங்கீகரித்தது.

இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்நோயாளிகள் வழக்கமான மாத்திரைகளை நிறுத்தவில்லை. அவற்றுடன் சேர்த்தே இதை உட்கொண்டனர். அளவு, உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 20 மில்லிகிராம். இருபது கிலோ எடையுள்ள குழந்தைக்கு 400 மில்லிகிராம். விளம்பரக் குப்பியில் இருந்ததோ மொத்தமே 1,000 மில்லிகிராம் சாறு. அது முழுவதும் கன்னாபிடையால் என்றே கொண்டாலும், ஒரு வாரக் கூலி இரண்டரை நாளில் தீர்ந்துவிடும். தாமாகவே அளவைக் கூட்டினால் கல்லீரல் பாதிக்கப்படலாம். வால்புரோயேட் மாத்திரை உண்போருக்கு அந்த ஆபத்து அதிகம்.

மறதி நோய், நடுக்குவாதம் ஆகியவற்றுக்கு இது உதவும் என்பதற்கான சான்றுகள் பெரும்பாலும் ஆய்வுக்கூட அளவிலேயே உள்ளன. மனச்சிதைவு நோயாளிகள் 88 பேரிடம் நடந்த ஆய்வு ஒன்று நம்பிக்கை தருகிறது; முடிவு தரவில்லை.

இனி சந்தை. விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாதபோது தரமற்ற பொருளே சந்தையை நிரப்பும் என்று 1970-இல் விளக்கினார் ஜார்ஜ் அகர்லாஃப். அமெரிக்காவில் இணையவழி விற்ற 84 கன்னாபிடையால் பொருள்களைச் சோதித்த ஆய்வு 2017-இல் வெளியானது. குறிப்பிட்ட அளவு சரியாக இருந்தவை 31 சதவீதம் மட்டுமே. 18 பொருள்களில் டிஎச்சி கலந்திருந்தது.

நம் நாட்டில் 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம், பூக்கொத்து சேராத இலையையும் விதையையும் 'கஞ்சா' என்ற வரையறைக்குள் சேர்க்கவில்லை. அந்த இடைவெளியில்தான் இலைச்சாற்று எண்ணெய்கள் விற்பனைக்கு வருகின்றன. ஆயினும், வலிப்பைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டின் மாய மருந்துகள் விளம்பரத் தடைச் சட்டம் எப்போதோ தடுத்துவிட்டது. புதிய சட்டம் வேண்டாம். இருப்பதைக் கைப்பேசித் திரை வரை கொண்டுசென்றால் போதும்.

தடையை மட்டும் பேசுவதும் நியாயமன்று. அங்கீகாரம் பெற்ற மருந்து அமெரிக்காவில் அறிமுகமானபோது அதன் ஆண்டுச் செலவு சுமார் 32,500 டாலர். ஜம்முவிலுள்ள மத்திய அரசின் ஆய்வு நிறுவனம் கஞ்சாவின் மருத்துவப் பயனை ஆராய்ந்து வருகிறது. உள்நாட்டிலேயே தரமான மருந்து உருவானால், 1994 முதல் மொத்தக் கொள்முதலால் மருந்து விலையைக் குறைத்துவரும் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் அதனை அரசு மருத்துவமனைகளுக்குக் கொண்டுசேர்க்க முடியும்.

மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் ஓயாத வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகலாம் என்று அவரிடம் சொன்னேன். சேலம் அரசு மருத்துவமனையின் நரம்பியல் மருத்துவரிடம் மகளை அழைத்துச் செல்லுமாறும் கூறினேன். தலையசைத்துச் சென்றார். அவர் தேடியது எண்ணெயை அன்று, வலிப்பில்லாத ஓர் இரவை. அந்த ஏக்கத்தை விலைபேச எவரையும் அனுமதிக்கலாகாது.