பாவத்தின் சம்பளம் யாருக்கு?

டேவிட் விட்டர், அமெரிக்காவின் லூசியானா மாநிலத்துச் செனட்டராக இருந்தவர். குடும்பம், ஒழுக்கம் என்று மேடைக்கு மேடை முழங்கிய குடியரசுக் கட்சிக்காரர். 2007 ஜூலையில், வாஷிங்டனில் பாலியல் தொழில் நடத்தியதாக வழக்கில் சிக்கியிருந்த டெபோரா ஜீன் பால்ஃப்ரேயின் தொலைபேசிப் பதிவுகளில் இவருடைய எண்ணும் இருந்தது. பெரும்பாவம் செய்தேன், கடவுளும் மனைவியும் மன்னித்துவிட்டார்கள் என்றார். முடிஞ்சு போச்சு. வழக்குகூட இல்லை.

அந்தப் பெண்மணிக்கு யார் மன்னிப்பு கொடுத்தா? 2008 ஏப்ரலில் குற்றவாளி என்று தீர்ப்பானது. மே மாதம் தூக்கில் தொங்கினார்.

2010 நவம்பரில் அதே விட்டர் சுமார் 57 சதவீத வாக்கு வாங்கி மறுபடியும் செனட்டர் ஆனார். எப்படி முடிந்தது? விடை 2008 ஜனாதிபதித் தேர்தலில் இருக்கிறது என்றே நான் நினைக்கிறேன்.

வெள்ளை மாளிகைக்கு ஒரு கறுப்பர் வந்தார். மூன்றில் ஒரு பங்கு கறுப்பர் வாழும் லூசியானாவில், வெள்ளையரில் சுமார் 14 சதவீதம் பேர்தான் ஒபாமாவுக்கு வாக்களித்தார்கள் என்றது வாக்குச்சாவடிக் கணிப்பு. 2010இல் விட்டர் தன் முகத்தைக் காட்டி ஓட்டுக் கேட்கவில்லை; ஒபாமா முகத்தைக் காட்டிக் கேட்டார். எதிர்த்து நின்ற ஜனநாயகக் கட்சியின் சார்லி மெலன்சன் வெள்ளையர். ஒபாமாவின் மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தையே எதிர்த்து வாக்களித்தவர். அவரையும் ஒபாமாவின் ஆள் என்றார்கள். எடுபட்டது. வேலையில்லாத் திண்டாட்டத்தின் கோபமும் அதில் உண்டு, மறுக்கவில்லை.

சரி, மெக்கெய்ன் ஜெயித்திருந்தால்? இடைத்தேர்தல் ஆண்டில் ஜனாதிபதியின் கட்சிதான் அடிவாங்கும். 2006இல் புஷ் கட்சி இரு அவைகளையும் இழந்தது. 2010இல் ஒபாமா கட்சி கீழவையில் 63 இடங்களை இழந்தது. மெக்கெய்ன் இருந்திருந்தால் அந்தக் கோபமெல்லாம் விட்டர் கட்சியின் தலையில் விடிந்திருக்கும். பூச்சாண்டி காட்ட ஆள் இல்லாமல், அந்தத் தொலைபேசி எண்ணோடு தனியாக நின்றிருப்பார். லூசியானா அவர் கட்சியின் கோட்டை, ஒருவேளை தப்பித்திருக்கலாம். ஆனால் 19 சதவீத வித்தியாசத்தில் அல்ல.

2015இல் ஆளுநர் தேர்தலுக்கு நின்றார். அப்போதும் ஒபாமாதான் ஜனாதிபதி. அதே பூச்சாண்டியைத்தான் காட்டினார். இந்தமுறை பலிக்கவில்லை. பதவி வாஷிங்டனில் இல்லை, உள்ளூரில். சொந்தக் கட்சி ஆளுநர் பாபி ஜிண்டால் மேல் ஜனங்கள் வெறுத்துப் போயிருந்தார்கள். ஜான் பெல் எட்வர்ட்ஸ் 56க்கு 44 என்று விட்டரைத் தோற்கடித்தார். எட்டு வருஷப் பழைய பாவம் அப்போதுதான் ஜனங்கள் கண்ணுக்குப் பாவமாகத் தெரிந்தது.

ஆக, ஒழுக்கம் மாறவில்லை, ஆளும் மாறவில்லை. யாரை வெறுப்பது என்பதுதான் மாறியது. ஒடுக்கப்பட்டவன் நாற்காலியில் உட்கார்ந்தால், அந்த வெறுப்பிலேயே தங்கள் அழுக்கைக் கழுவிக்கொள்ள ஒரு கூட்டம் காத்திருக்கிறது. மேடையில் ஒழுக்கம் பேசுறவன் யாரைக் கைகாட்டிப் பேசுறான்னு முதல்ல பாருங்க. அப்புறம் ஓட்டைப் பற்றி யோசிக்கலாம்.